எரிவது மோட்டார், பழுது எங்கே?



கோடை பிறந்தால் போதும், ஊருக்கு ஊர் ஒரே பேச்சுதான். "ஏனுங்க, நம்ம மோட்டார் காயில் போயிடுச்சுங்க." போன வாரம் தெற்கு வளவுக்காரருக்கு, இந்த வாரம் நமக்கு, அடுத்த வாரம் யாருக்கோ. கிணற்று மேட்டில் மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோய், நாலு நாள் கடை வாசலில் காத்துக்கிடந்து, காயில் கட்டி எடுத்து வருவதற்குள் வயலில் பயிர் சுருண்டு விடுகிறது. போர்க்குழியில் இருக்கும் மோட்டார் என்றால் குழாய் ஏற்றி இறக்கும் கூலி தனி. இரண்டு முறை இப்படி நடந்தால் அந்தப் போக வெள்ளாமையில் நம் பங்கு காற்றோடு போச்சு.

சரி, ஏன் எரிந்தது என்று கேட்டால் யார் பதில் சொல்கிறார்கள்? காயில் கட்டுகிறவர், "கரண்டு சரியில்லீங்க" என்கிறார். லைன்மேன், "நீங்க ஓவர்லோடு ஏத்திட்டீங்க" என்கிறார். மோட்டார் விற்றவர், "பழைய மோட்டார், புதுசு வாங்கிடுங்க" என்கிறார். மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் கை காட்டுகிறார்கள். காசு மட்டும் நம் மடியிலிருந்து போகிறது.

இதில் நாம் செய்யும் முதல் தப்பு என்ன தெரியுமா? எரிந்த மோட்டாரை, ஏன் எரிந்தது என்று பார்க்காமலே திரும்பக் கட்டுவது. காய்ச்சல் ஏன் வந்தது என்று பார்க்காமல் மாத்திரை மட்டும் விழுங்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. காரணம் அப்படியே இருக்கும். புதுக் காயிலும் மூன்று மாதத்தில் கருகும். இந்தத் துண்டறிக்கையில் நாம் சொல்ல வருவது ஒன்றுதான்: காரணத்தைக் கண்டுபிடியுங்கள், அதை எழுதி வையுங்கள், அந்த எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு நியாயம் கேளுங்கள்.

கருகிய காயில் பேசும்

கடையில் மோட்டாரைப் பிரிக்கும்போது நீங்கள் அங்கே நில்லுங்கள். டீ குடிக்கப் போய்விடாதீர்கள். பிரித்த காயிலைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

காயில் முழுவதும் ஒரே சீராகக் கருத்திருந்தால், மோட்டார் நெடுநேரம் சூடேறி இருக்கிறது என்று பொருள். குறைந்த வோல்டேஜ், அளவுக்கு மீறிய சுமை, பேரிங்கோ புஷ்ஷோ இறுகிப் போனது, இவற்றில் ஒன்று காரணம்.

ஸ்டார் கட்டில் இரண்டு பேஸ் காயில் கருகி, ஒரு பேஸ் மட்டும் பளிச்சென்று புதுசு போல இருந்தால் ஒரு பேஸ் அறுந்த நிலையில் மோட்டார் ஓடியிருக்கிறது. டெல்டா கட்டு என்றால் ஒரு பேஸ் மட்டும் கருகி மற்ற இரண்டும் தப்பியிருக்கும். பீஸ் போனதோ, டிரான்ஸ்பார்மரில் ஜம்பர் விட்டதோ, ஸ்டார்ட்டரில் ஒரு பாயின்ட் தேய்ந்ததோ, எங்கோ ஒரு பேஸ் வரவில்லை. அப்போது மற்ற லைன்களில் ஏறக்குறைய 1.73 மடங்கு கரண்டு பாய்கிறது. சூடு அதன் வர்க்கக் கணக்கில் ஏறும் என்பதால் மூன்று மடங்கு சூடு. எந்தக் காயில் தாங்கும்?

மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்து, ஒரே ஒரு காயிலில் ஒரு இடம் மட்டும் உருகி முடிச்சாக இருந்தால் கம்பியின் எனாமல் பூச்சு மோசம், அல்லது கட்டும்போது கீறல் விழுந்திருக்கிறது. இணைப்பு முனை மட்டும் உருகி இருந்தால் ஜாயின்ட் சரியாகப் போடவில்லை.

தண்ணீர் நிரப்பிய நீர்மூழ்கி மோட்டாரில் கம்பி மேல் பிளாஸ்டிக் உறை இருக்கும். அது கருகுவதை விட உருகி ஒட்டிக்கொள்ளும். புஷ்ஷும் சேர்ந்து தேய்ந்திருந்தால் போரில் தண்ணீர் இறங்கி மோட்டார் வறண்டு ஓடியதா என்று பாருங்கள்.

பார்த்ததை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். பிள்ளைகளிடம் செல்போனைக் கொடுத்துப் படமும் எடுக்கச் சொல்லுங்கள்.

மலிவுக் கம்பி என்னும் மாயம்

இப்போது கடைத்தெருவில் நடக்கும் கூத்துக்கு வருவோம். "அந்தக் கடையில அவ்வளவு கேட்டாங்க, இவர் பாதி விலையில கட்டித் தர்றாரு" என்று நாமே ஒருவருக்கொருவர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பாதி விலைக்கு எப்படி முடியும் என்று கேட்டோமா?

தாமிரக் கம்பி இருந்த இடத்தில் அலுமினியக் கம்பி போட்டால் முடியும். இரண்டுக்கும் மேலே ஒரே எனாமல் பூச்சு. கண்ணால் பார்த்தால் தெரியாது. அலுமினியத்தின் மேல் மெல்லிசாகத் தாமிரம் பூசிய கம்பியும் வருகிறது. அதைச் சுரண்டினால்கூட மேலோட்டமாகச் சிவப்புத்தான் தெரியும்.

அலுமினியம் கரண்டைக் கடத்தும் திறனில் தாமிரத்தில் சுமார் 60 விழுக்காடுதான். தாமிரம் செய்யும் வேலையை அது செய்ய வேண்டுமானால் கம்பி 1.6 மடங்கு பருமன் வேண்டும். தாமிரத்துக்கு என்று அளவெடுத்த காடியில் அந்தப் பருமன் எப்படி நுழையும்? அதனால் அதே பருமனில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். விளைவு, அதே வேலைக்கு அதிகச் சூடு. ஜாயின்டில் அலுமினியம் சீக்கிரம் துருவைப் போல ஒரு படலம் பிடித்து இளகிக்கொள்ளும். நல்ல கரண்டிலேயே நிறைய நாள் நிற்காத காயில், நம் ஊர் வோல்டேஜில் எத்தனை நாள் நிற்கும்?

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். அலுமினியமே ஆகாது என்பது நம் வாதம் இல்லை. அலுமினியத்துக்கென்றே காடி பெரிதாக வைத்துச் செய்து, அலுமினியம் என்று சொல்லி, அந்த விலைக்கு விற்றால் வாங்குகிறவர் யோசித்து வாங்கட்டும். தாமிரம் என்று சொல்லி அலுமினியத்தைக் கட்டுவதுதான் களவு. 1937-இல் இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்து காட்டிய ஊர் கோயம்புத்தூர். அந்தத் தொழில் வளர்ந்த மண்ணில், ஒழுங்காகத் தொழில் செய்யும் எத்தனையோ பட்டறைக்காரர்களுக்கும் இந்தக் களவுதான் எதிரி.

ஏமாறாமல் இருக்க மூன்று வழி:

ஒன்று, பழைய கம்பியைப் பிரித்ததும் உங்கள் கண் முன்னால் எடை போடச் சொல்லுங்கள். புதுக் கம்பியையும் கட்டும் முன் எடை போடச் சொல்லுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே பருமனில் அலுமினியத்தின் எடை தாமிரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. தராசு பொய் சொல்லாது.

இரண்டு, ஒரு துண்டுக் கம்பியை வெட்டி, வெட்டிய முனையைப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம்.

மூன்று, பழைய தாமிரம் உங்கள் சொத்து. அதற்கு உரிய விலையைக் கழித்து, புதுக் கம்பி என்ன வகை, எத்தனை கிலோ என்று எழுதி பில் வாங்குங்கள். "பில் எல்லாம் எதுக்குங்கண்ணா" என்று சொல்பவரிடம் மோட்டாரைக் கொடுக்காதீர்கள். பில் இருந்தால்தான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியும்.

கேபிளிலும் இதே கதைதான். ஆயிரம் அடி போருக்கு 5 எச்.பி. மோட்டார் இறக்குகிறோம். 2.5 சதுர மில்லி மீட்டர் தாமிரக் கேபிள் என்றால் வழியிலேயே சுமார் 25 வோல்ட் போய்விடும். 4 சதுர மில்லி மீட்டர் என்றால் சுமார் 15 வோல்ட். மேலே 2.5 என்று அச்சடித்து உள்ளே 1.5 வைத்திருந்தால் 40 வோல்ட் காணாமல் போகும். ஸ்டார்ட்டரில் 380 காட்டும், கீழே மோட்டாருக்கு 340தான் போய்ச் சேரும். புது மோட்டார், கேபிள் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பார்க்கலாம். படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு நிமிட வேலை.

வோல்டேஜ் என்னும் பெரிய களவு

கம்பி நல்ல கம்பி, கட்டியவர் நல்லவர், அப்படியும் எரிகிறதே என்றால் லைனைப் பார்க்க வேண்டும்.

நமக்கு வர வேண்டியது 415 வோல்ட். தாழ்வழுத்த இணைப்பில் இது 6 விழுக்காடு கூடலாம், 6 விழுக்காடு குறையலாம். அதாவது 390-க்கும் 440-க்கும் நடுவில் இருக்க வேண்டும். நீர்மூழ்கி மோட்டாருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 9283 கிராமத்து நிலைமையை மனதில் வைத்து, 15 விழுக்காடு குறைந்தாலும் மோட்டார் தாங்க வேண்டும் என்கிறது. அதுகூட 353 வோல்ட் வரைதான். 300 வோல்ட் வந்தால்? மோட்டாரின் திருகுவிசை வோல்டேஜின் வர்க்கத்தில் இறங்கும். 300 வோல்ட்டில் மோட்டாருக்குப் பாதி பலம்தான். பாதித் தீனி போட்ட மாட்டை முழு ஏர் இழுக்கச் சொல்வது போலத்தான். ஓடும் மோட்டார் வேகம் குறைந்து கரண்டை அதிகமாக உறிஞ்சும். ஓடாத மோட்டார் உறுமிக்கொண்டே சூடேறும். கரண்டு 20 விழுக்காடு கூடினால் சூடு 44 விழுக்காடு கூடும். சூடு 10 டிகிரி கூடுதலாக இருந்தால் காயிலின் ஆயுள் பாதி என்பது மோட்டார்த் தொழிலில் எல்லோரும் அறிந்த கணக்கு.

இந்த வோல்டேஜ் ஏன் இறங்குகிறது? டிரான்ஸ்பார்மர் கணக்கைப் பாருங்கள். 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் சுமார் 84 ஆம்பியர் கொடுக்கும். 5 எச்.பி. மோட்டார் ஒன்றுக்கு ஏழரை ஆம்பியர். ஆக பதினொரு மோட்டார். 100 கே.வி.ஏ. என்றால் பதினேழு. உங்கள் டிரான்ஸ்பார்மரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதோடு டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசித் தோட்டம் வரை இழுத்த தாழ்வழுத்தக் கம்பியின் நீளத்தையும் நடந்து பாருங்கள். கடைக்கோடியில் இருக்கும் சிறு விவசாயிக்குத்தான் எப்போதும் குறைந்த வோல்டேஜ். மோட்டாரும் அவருக்குத்தான் அடிக்கடி எரிகிறது.

வோல்டேஜைக் கேட்டால், "இலவசக் கரண்டுதானே?" என்று ஒரு நக்கல். நாம் திருப்பிக் கேட்கிறோம். 1970-இல் ஒரு பைசா மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தார்கள். 1972-இலும் ரத்தம் சிந்தினோம். ஐயா நாராயணசாமி நாயுடு காலத்தில் இருந்து போராடி, 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் கிடைத்த உரிமை இது. 2003-இல் பறிக்கப் பார்த்தார்கள், 2004-இல் திரும்பக் கொடுத்தார்கள். இப்படிக் கிடைத்ததை இலவசம் என்று யாரும் ஏளனம் பேச வேண்டாம். கட்டணம் இல்லை என்பதற்காக மோட்டாரை எரிக்கும் கரண்டைக் கொடுக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வருஷம் இரண்டு காயில் கட்டுகிற காசைக் கணக்குப் போட்டால் நாம் கட்டுவதும் ஒரு கட்டணம்தான். ரசீது கிடைக்காத கட்டணம்!

கண்டுபிடிப்பது எப்படி?

தெரிந்த எலக்ட்ரீசியனை வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். ஈரக் கையோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

மோட்டார் ஓடும்போது ஸ்டார்ட்டரில் மூன்று லைனுக்கும் இடையே வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். 380, 380, 350 என்று வருகிறது என்று வையுங்கள். சராசரி 370. அதிலிருந்து கூடுதலாக விலகி நிற்பது 350. வித்தியாசம் 20. அது 370-இல் 5 விழுக்காட்டுக்கும் மேல். வோல்டேஜில் 1 விழுக்காடு ஏற்றத்தாழ்வு இருந்தாலே கரண்டில் 6 முதல் 10 விழுக்காடு வரை ஏற்றத்தாழ்வு வரும். 5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் மோட்டாரை ஓட்டவே கூடாது.

அடுத்து டாங் டெஸ்டர் வைத்து மூன்று லைனிலும் ஆம்பியர் பாருங்கள். ஒன்றில் மட்டும் அதிகம் என்றால் கோளாறு லைனிலா, மோட்டாரிலா? மெயினை நிறுத்திவிட்டு மூன்று ஒயரையும் ஒரே திசையில் ஒரு இடம் தள்ளி மாட்டச் சொல்லுங்கள். முதலாவது இரண்டாவதுக்கு, இரண்டாவது மூன்றாவதுக்கு, மூன்றாவது முதலாவதுக்கு. மோட்டார் சுற்றும் திசை மாறாது. இப்போது திரும்பப் பாருங்கள். அதிக ஆம்பியர் அதே லைனில் நின்றால் கோளாறு மின்சார லைனில். மோட்டார் ஒயரோடு சேர்ந்து இடம் மாறினால் கோளாறு மோட்டாரிலோ கேபிளிலோ. இந்த ஒரு சோதனை போதும், யார் மேல் யார் பழி போடுவது என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

நம் பக்கத் தப்பு

அடுத்தவரைக் கேட்கும் முன் நம்மையும் கேட்டுக்கொள்வோம். பீஸ் கட்டையில் பீஸ் கம்பிக்குப் பதிலாக மொத்தக் கம்பியை முறுக்கிப் போடுவது யார்? ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுகிறது என்று அதை ஷார்ட் பண்ணி விடுவது யார்? காயிலைக் காப்பாற்றத்தான் அது விழுகிறது. இரண்டு பேஸ் வரும் நேரத்தில் கன்டென்சர் போட்டு மூன்று பேஸ் மோட்டாரை ஓட்டுவது யார்? பதிவு 5 எச்.பி. என்று இருக்க, 7.5 எச்.பி. இறக்கிப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வோல்டேஜையும் சேர்த்துக் குடிப்பது யார்? ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவிட்டுத் தூங்குகிறோம். கரண்டு வந்ததும் எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் எழும்புகிறது. நேரடி ஸ்டார்ட்டரில் புறப்படும் மோட்டார் ஓடும்போது எடுப்பதைப் போல ஆறு மடங்கு கரண்டு இழுக்கும். டிரான்ஸ்பார்மர் என்ன செய்யும்?

ஒரே டிரான்ஸ்பார்மர்காரர்கள் கூடிப் பேசுங்கள். ஆட்டோ ஸ்டார்ட்டரில் ஆளுக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று தாமதம் மாற்றி வையுங்கள். சிங்கிள் பேஸ் பிரிவென்டரும் சரியான கெபாசிட்டரும் போடுங்கள். 5 எச்.பி.க்கு 2 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர். நம் வீடு சுத்தமாக இருந்தால்தான் நம் குரல் ஓங்கும்.

நம் கோரிக்கைகள்

1. சுமை மீறிய டிரான்ஸ்பார்மர்களைக் கணக்கெடுத்துத் திறன் கூட்ட வேண்டும்.

2. நீண்ட தாழ்வழுத்த லைன்களைக் குறைத்து, உயர் அழுத்தக் கம்பியைத் தோட்டம் வரை கொண்டுவந்து, சில மோட்டாருக்கு ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் என்ற முறையை எல்லாக் கிராமங்களுக்கும் விரிவாக்க வேண்டும்.

3. ஒரு பேஸ் அறுந்தால் புகார் கொடுத்த நேரத்தையும் சரிசெய்த நேரத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். லைன்மேன் காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும்.

4. மோட்டார், கேபிள், காயில் கம்பி விற்கும் கடைகளில் போலி முத்திரைச் சோதனை நடத்த வேண்டும்.

இதற்காக ஒவ்வொருவரும் ஒரு வாரம் வோல்டேஜைத் தேதி, நேரத்தோடு குறித்து வையுங்கள். உங்கள் டிரான்ஸ்பார்மரின் திறன் எவ்வளவு, இணைத்த சுமை எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்கள். பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அங்கே நடக்கவில்லை என்றால், மின்சாரச் சட்டம், 2003-இன்படி அமைந்த நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளர் இருக்கிறார். வாயால் சொன்னது காற்றில் போகும். எழுதிக் கொடுத்தது கோப்பில் நிற்கும்.

அடுத்த மாத விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு நாம் வெறுங்கையோடு போகப் போவதில்லை. ஒவ்வொரு தோட்டத்துக்காரரும் எரிந்த காயிலில் ஒரு முடிச்சைத் துணியில் முடிந்து கொண்டு வாருங்கள். வோல்டேஜ் நோட்டையும் பில்லையும் கொண்டு வாருங்கள். ஆட்சியர் மேசை முன்னால் வரிசையாக வைப்போம். நூறு பேர் கத்துவதை விட அந்த நூறு முடிச்சு அதிகம் பேசும்.

தாய்மார்களே, தண்ணீர் மடை கட்டிக் காத்திருப்பவர்கள் நீங்கள். உங்களுக்குத் தெரியாத வலி இல்லை. நீங்களும் வாருங்கள். இளைஞர்களே, கணக்கு எழுதவும் மனு எழுதவும் நீங்கள்தான் கை கொடுக்க வேண்டும்.

எரிந்தது மோட்டார் மட்டும் என்று இருந்துவிட்டால் அடுத்து எரிவது வயிறு. காரணத்தைக் கண்டுபிடிப்போம்! கணக்கோடு கேட்போம்!

உரிய வோல்டேஜ் நம் உரிமை! ஒன்றுபடுவோம், வென்று காட்டுவோம்!